ஆண்டு முழுக்கக் கேட்டதிலும் படித்ததிலும் எனக்குப் பிடித்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: வருடக் கடைசியில் பிடித்த பத்துப் பாட்டு, பத்துப் புத்தகம் என்று பட்டியல் போட உட்கார்ந்தால் நவம்பரில் கேட்டதும் படித்ததும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஸ்பாட்டிஃபை காட்டும் பட்டியலில் முதல் இடம் கந்த சஷ்டி கவசத்துக்கு, இரண்டாம் இடம் குழந்தையைத் தூங்க வைக்கப் போட்ட தாலாட்டுக்கு. படித்ததைக் குறித்துவைக்கும் குட்ரீட்ஸ் தளம் 31 புத்தகம் என்கிறது, பெயர் சொல்லச் சொன்னால் ஆறுக்கு மேல் வரவில்லை. ஒழுங்கான பட்டியல் எப்படிப் போடுவது?

இதில் மூன்று கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. எது அதிகம் ஓடியது, எது தரத்தில் உயர்ந்தது, எது உங்களுக்குப் பிடித்தது. முதலாவதற்கு இயந்திரமே பதில் சொல்லும். இரண்டாவது விமரிசகர்கள் சண்டை போட வேண்டிய இடம், அதை விட்டுவிடலாம். நீங்கள் கேட்பது மூன்றாவது. நூலகப் பட்டியலாக்கத்திலும் ஒலிப்பதிவுகளை வகைப்படுத்துவதிலும் இருக்கிற எங்களுக்கு இது அன்றாடப் பிரச்சினைதான். ஒரு பொருள் எத்தனை முறை கைமாறியது என்பதற்கும் அதை யார் வேண்டி எடுத்தார்கள் என்பதற்கும் நிறைய தூரம். எனவே நான் சிபாரிசு செய்யும் அளவுகோல் ஒன்றுதான்: யாரும் எடுத்துக் கொடுக்காமல், தானாக அடுத்து ஓடாமல், நீங்களே திரும்பத் தேடிப் போனது எது? கீழே சொல்வதெல்லாம் அதற்கான தடயத்தை எங்கே எப்படிப் பொறுக்குவது என்பதுதான்.

நினைவை மட்டும் நம்ப முடியாது என்பதில் சந்தேகமே இல்லை. வரிசையாகக் கொடுத்தவற்றில் கடைசியில் வந்தவை எளிதில் நினைவுக்கு வரும் என்பது ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். 1993-இல் உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டியது இன்னொன்று: ஓர் அனுபவம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட அதன் உச்சமும் முடிவுமே மனதில் பதிகின்றன. அந்தச் சோதனை குளிர்ந்த நீரில் கையை வைப்பது பற்றியது. நாவலுக்கும் அது அப்படியே பொருந்துமா என்பது வேறு விஷயம். ஆனால் முன்னூறு பக்கம் நன்றாக ஓடி, முடிவு சொதப்பிய நாவலை டிசம்பரில் ஒரேயடியாக ஒதுக்கிவிடுகிறோமே, அந்த இடத்தில் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இயந்திரக் கணக்குக்கு வருவோம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 4 நிமிட சினிமாப் பாட்டும் 48 நிமிட ராகம் தானம் பல்லவியும் அதற்கு ஒன்றுதான். அந்தப் பல்லவியை ஒரு முறை உட்கார்ந்து கேட்கிற நேரத்தில் சினிமாப் பாட்டு பன்னிரண்டு முறை ஓடிவிடும். கர்நாடக இசையோ இந்துஸ்தானியோ அதிகம் கேட்பவர்களின் ஆண்டுப் பட்டியல் விசித்திரமாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான். சரி, முறையை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணலாமே என்றால் அங்கே கவசமும் சுப்ரபாதமும் காத்திருக்கின்றன. தினமும் விடியற்காலையில் இருபது நிமிடம் ஓடுவதை எந்தப் பாட்டும் முந்த முடியாது. அது வழிபாடு. பிடித்தது பிடிக்காதது என்ற கணக்கிலேயே அது வராது. போதாக்குறைக்கு, நிறுவனத்தின் ஆண்டுப் பட்டியல் டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி வெளிவந்துவிடுகிறது. அதனால் டிசம்பர் முழுவதும் அதில் இருக்க வழியே இல்லை. மார்கழியில் அதிகம் கேட்பவருக்கு இது பெரிய ஓட்டை.

எனவே அவர்கள் சமைத்துக் கொடுக்கும் பட்டியலை விட்டு, மூலத் தரவைக் கேட்டு வாங்குங்கள். கணினியில் ஸ்பாட்டிஃபை கணக்குக்குள் போய் பிரைவசி பக்கத்தில் உங்கள் தரவைப் பதிவிறக்கும் பகுதியைப் பாருங்கள். சாதாரணக் கணக்குத் தரவு, நீட்டித்த கேட்பு வரலாறு என இரண்டு தேர்வுகள் இருக்கும். முதலாவதில் கடந்த ஓராண்டு மட்டும் வரும், ஐந்து நாள் வரை ஆகலாம் என்கிறார்கள். இரண்டாவது கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து வரும், 30 நாள் வரை ஆகலாம். இரண்டாவதையே கேளுங்கள், காரணம் அடுத்த பத்தியில். டிசம்பரும் சேர வேண்டுமானால் ஜனவரி பிறந்த பிறகு விண்ணப்பியுங்கள். வந்து சேர்வது ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில் உள்ள கோப்புகள். எக்செலில் டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஜேசன் என்று போய்த் திறந்து அட்டவணையாக மாற்றிக்கொள்ளலாம். ஓடிய நேரம் மில்லி விநாடியில் இருக்கும், 60,000-ஆல் வகுத்தால் நிமிடம். 30,000-க்குக் குறைவான வரிகளை முதலிலேயே வடிகட்டிவிடுங்கள், அவை தாண்டிப் போன பாட்டுகள். இன்னொன்று: அந்தக் கோப்பில் உங்கள் ஐபி முகவரியும் இருக்கிறது. அழகான படம் வரைந்து தருகிறோம் என்று சொல்லும் முகம் தெரியாத தளங்களில் அதை ஏற்றாதீர்கள்.

நீட்டித்த வரலாற்றைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம், ஒவ்வொரு வரியிலும் பாட்டு ஏன் தொடங்கியது என்ற கட்டம் அதில் இருக்கிறது. 'கிளிக்ரோ' (clickrow) என்றிருந்தால் நீங்கள் விரல் வைத்துத் தொட்டது. 'டிராக்டன்' (trackdone) என்றிருந்தால் முந்தைய பாட்டு முடிந்து தானாக வந்தது. 'ஃபார்வேர்டு பட்டன்' (fwdbtn) என்றிருந்தால் முந்தையதைத் தாண்டி வந்தது. தொட்ட வரிகளை மட்டும் வடிகட்டி, ஒவ்வொரு பாட்டும் எத்தனை வெவ்வேறு நாட்களில் தொடப்பட்டது என்று எக்செலின் பிவட் அட்டவணையில் (வரிகளைத் தொகுத்து எண்ணித் தரும் வசதி) எண்ணுங்கள். நாளை எண்ணுவது முக்கியம், முறையை அல்ல. ஒரே ஞாயிற்றுக்கிழமை பதினைந்து முறை போட்ட பாட்டு ஒரு நாள் பைத்தியம். எட்டு மாதத்தில் ஒன்பது நாள் தேடிப் போட்ட பாட்டுதான் உங்கள் பாட்டு. இதிலும் ஒரு பொறி உண்டு: ஆல்பத்தின் முதல் பாட்டைத் தொட்டுவிட்டு முழுவதையும் கேட்பவர்களுக்கு எல்லாப் புகழும் முதல் பாட்டுக்கே போய்விடும். ஒரு பாட்டு மட்டும் மிகையாகத் தெரிந்தால் அந்த ஆல்பத்தின் மற்ற பாட்டுகளும் அதே நாளில் ஓடியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஓடியிருந்தால் ஆல்பத்தையே ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரத்திலும் ஏமாற வாய்ப்புண்டு. கோப்பில் இருப்பது கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரம், அதுவும் பாட்டு நின்ற நேரம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். எக்செலில் 5.5/24 கூட்டினால் போதும். சிங்கப்பூர், மலேசியா என்றால் 8/24. கூட்டாவிட்டால் நம்மூரில் அதிகாலை ஐந்து மணிக்குக் கேட்டது முந்தைய நாள் இரவு பதினொன்றரைக்குப் பதிவாகி, நாள் கணக்கே குலைந்துவிடும். காலைப் பாட்டுகளைத் தனியே பிரித்து வைக்கவும் இந்தத் திருத்தம் தேவை. ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் தினமும் வருவதை வடிகட்டினாலே கவசம் போய்விடும். இரவு ஒன்பதுக்கு மேல் ஓடும் தாலாட்டுக்கும் இதே வைத்தியம்.

நம்மில் பாதிப் பேர் யூடியூபில்தான் கேட்கிறோம். அங்கே உங்கள் தரவைப் பதிவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகப் பார்வை வரலாற்றை எடுக்கலாம். இயல்பாக எச்டிஎம்எல் வடிவில் வரும், கேட்கும்போதே ஜேசனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் எவ்வளவு நேரம் ஓடியது என்ற தகவல் அதில் கிடையாது. திறந்த கணத்தில் மூடியதும் மூன்று மணி நேரக் கச்சேரியும் ஒரே மாதிரி ஒரு வரிதான். எனவே அங்கே நிமிடக் கணக்கு பேசுவதில் அர்த்தமில்லை. வெவ்வேறு நாட்களை எண்ணுவது மட்டுமே ஓரளவு செல்லும், அதுவும் குடும்பம் முழுக்க ஒரே கணக்கில் பார்க்காத வீட்டில்.

எண்ணத் தொடங்கியதும் ஒரே பாட்டு நான்கு இடத்தில் சிதறிக் கிடப்பதைக் காண்பீர்கள். மூலப் படத்தின் ஆல்பம், இசையமைப்பாளரின் பொறுக்கிய பாட்டுகள், பாடகரின் பொறுக்கிய பாட்டுகள், மழைப் பாட்டுகள் என்ற தொகுப்பு. ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. போதாததற்கு ஸ்பாட்டிஃபை கோப்பில் இருப்பது ஆல்பத்துக்கு உரியவர் பெயர். சினிமா என்றால் பெரும்பாலும் இசையமைப்பாளர். பாடியவரை வைத்து எண்ண நினைத்தால் நடக்காது, கையால்தான் சேர்க்க வேண்டும். இருபது முப்பது பாட்டுக்குச் செய்தால் போதும், குறைவாகக் கேட்ட மற்றவற்றுக்குத் தேவையில்லை.

எது 'ஒன்று' என்பது எங்கள் தொழிலின் பழைய தலைவலி. நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1998-இல் வெளியிட்ட அறிக்கை, படைப்பு வேறு, அதன் வெளிப்பாடு வேறு, அச்சான பதிப்பு வேறு, கையில் இருக்கும் பிரதி வேறு என்று நான்காகப் பிரித்தது. உங்கள் பட்டியலுக்கு முதல் இரண்டு போதும். சினிமாப் பாட்டில் படைப்பும் வெளிப்பாடும் ஏறக்குறைய ஒன்று. அந்தக் குரலில் அந்த ஒலிப்பதிவுதான் பாட்டு. எனவே நான்கு இடத்தில் சிதறியதைக் கூட்டுவது சரி. கர்நாடக சங்கீதத்தில் அப்படிக் கூட்டினால் தப்பு. ஒரே கீர்த்தனையை ஐந்து பேர் பாடிக் கேட்டிருந்தால் அவை ஐந்து பொருள்கள். ஒருவரே இரண்டு சபாவில் பாடியதும் இரண்டு. உங்களுக்குப் பிடித்தது கீர்த்தனையா, ராகமா, அன்றைக்கு அமைந்த நிரவலா (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) என்று பிரித்து எழுதாவிட்டால், அடுத்த ஆண்டு அந்தப் பட்டியலைப் பார்த்து நீங்களே எதையும் தேடி எடுக்க முடியாது.

புத்தகத்தில் இதே குழப்பம் ஆண்டில் வரும். 'இந்த ஆண்டு வெளியானது' என்றும் 'இந்த ஆண்டு நான் படித்தது' என்றும் இரண்டு பட்டியல் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். ஆனால் வெளியான ஆண்டைப் பார்க்க உள்பக்கத்தைத் திறந்தால் அங்கே 'முதற்பதிப்பு 2019' என்றிருக்கும், எழுதியது எழுபது ஆண்டுக்கு முன்பாக இருக்கும். நாட்டுடைமையான நூல்களை எந்தப் பதிப்பகமும் போடலாம். அவர்கள் குறிப்பது தங்கள் முதற்பதிப்பை. பொன்னியின் செல்வன் 1950-54-இல் கல்கி இதழில் தொடராக வந்தது என்பதை அறியாமல் உள்பக்கத்தை மட்டும் நம்புகிறவர் அதை இந்த நூற்றாண்டில் சேர்த்துவிடுவார். முன்னுரையின் அடியில் இருக்கும் தேதி பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும், அதையும் பாருங்கள்.

படித்ததை மீட்டெடுக்கும் வேலை பாட்டைவிடக் கடினம், ஏனென்றால் காகிதம் எதையும் பதிவு செய்வதில்லை. குட்ரீட்ஸில் என் புத்தகங்கள் பகுதியிலிருந்து ஏற்றுமதி செய்தால் சிஎஸ்வி கோப்பு வரும். அதில் சேர்த்த தேதியும் படித்து முடித்த தேதியும் தனித்தனிக் கட்டங்கள். முடித்த தேதி போடாமல் 'படித்தது' என்று மட்டும் குறித்தவை ஆண்டுக் கணக்கில் வராது. அந்த 31-இல் விடுபட்டவை இருக்கலாம். தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பை நேராகத் திறக்காமல் யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டு முறையைக் குறிப்பிட்டு இறக்குமதி செய்யுங்கள். கிண்டில் கருவி வைத்திருந்தால் கணினியில் செருகிப் பாருங்கள். 'மை கிளிப்பிங்ஸ்' என்ற உரைக்கோப்பில் நீங்கள் கோடிட்ட ஒவ்வொரு வரியும் தேதியோடு இருக்கும். அதன் பிறகு வாட்ஸ்அப். தேடல் பெட்டியில் இணைப்புகளை மட்டும் வடிகட்டினால் யாருக்கு எந்தப் பாட்டை எப்போது அனுப்பினீர்கள் என்பது வரிசையாக வரும். புத்தகத்துக்கு போனின் படத்தொகுப்பில் பக்கங்களைப் படமெடுத்ததைத் தேடுங்கள். ஒரு பாட்டை வேலை மெனக்கெட்டு இன்னொருவருக்கு அனுப்புவதையும் ஒரு பக்கத்தைப் படமெடுத்து வைப்பதையும்விட நம்பகமான சாட்சி இல்லை. நட்சத்திர மதிப்பெண்களை நான் அவ்வளவு மதிப்பதில்லை. முடித்த சூட்டில் போடும் ஐந்து நட்சத்திரத்தில் பாதி, முடித்துவிட்ட திருப்திக்குப் போடுவது.

ஆண்டை எங்கே வெட்டுவது என்பதில் ஒரு யோசனை, இது என் கருத்து மட்டுமே. டிசம்பர் 31 நமக்குத் தோதான எல்லை இல்லை. சென்னையில் இசை விழா டிசம்பர் நடுவில் சூடுபிடித்து ஜனவரி முதல் நாட்கள் வரை போகிறது. மியூசிக் அகாடமியின் கச்சேரிகளே ஜனவரி 1 வரை நீள்வது வழக்கம். தமிழ்ப் புத்தகங்களில் பெரும் பகுதி சென்னைப் புத்தகக் காட்சியைக் குறிவைத்து டிசம்பர், ஜனவரியில் வருகிறது. டிசம்பர் நடுவில் பட்டியலை முடிப்பவர் இசை விழாவை இழக்கிறார். டிசம்பர் கடைசியில் வந்த புத்தகத்தை, வாங்கிய ஆர்வத்தில் படிக்காமலேயே பட்டியலில் ஏற்றுகிறவர்களும் உண்டு. பொங்கலிலிருந்து பொங்கல் வரை என்று வைத்துக்கொண்டால் மார்கழி முழுசாக ஒரே ஆண்டுக்குள் அடங்கும். புத்தகக் காட்சியில் வாங்கியவை அடுத்த ஆண்டின் வாசிப்புக்குப் போகும். கோப்பில் தேதியை வடிகட்ட ஜனவரி 15 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி ஏறத்தாழ இருபது பாட்டும் பதினைந்து புத்தகமும் வேட்பாளர்களாகக் கையில் வந்திருக்கும். உடனே வரிசைப்படுத்தாதீர்கள். கடைசி மூன்று வாரத்துக்குள் முதன்முறை கேட்டதையும் படித்ததையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றை மறுபடி கேளுங்கள், நாளுக்கு மூன்று நான்கு என்று, ஒரே கருவியில், ஒரே நேரத்தில். ஒலியளவைச் சமப்படுத்துவதை மறக்காதீர்கள். சற்றே உரக்க ஒலிப்பது நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். 1970களின் பதிவை இன்றைய பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பழையது சோகையாகத் தெரிய இதுவே காரணமாக இருக்கலாம். ஸ்பாட்டிஃபை அமைப்புகளில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். யூடியூப் உரத்ததைக் குறைக்குமே தவிர மெல்லியதை ஏற்றாது. பழைய கச்சேரிப் பதிவுகளுக்கு நீங்கள்தான் ஒலியைக் கூட்ட வேண்டும். புத்தகத்துக்குச் சோதனை வேறு: பிடித்த இடத்துக்குப் போகாமல் குத்துமதிப்பாக மூன்று இடத்தில் திறந்து இரண்டிரண்டு பக்கம் படியுங்கள். கதை நினைவிருந்தும் வாக்கியம் இழுக்கிறதா என்று பாருங்கள். இழுக்கவில்லை என்றால் உங்களுக்குப் பிடித்தது கதைச் சுருக்கம்தான்.

வரிசைப்படுத்தியே ஆக வேண்டும் என்றால் இருபது பாட்டை ஒவ்வொன்றோடும் ஒப்பிட 190 ஒப்பீடு ஆகும். மாறாக, ஒவ்வொரு புதுப் பாட்டையும் இதுவரை அடுக்கியதன் நடுவில் இருப்பதோடு ஒப்பிட்டு, மேலா கீழா என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய்ச் செருகினால் அதிகபட்சம் 69-இல் முடியும். ஆனால் ரசனை கணக்குக்குக் கட்டுப்படாது. அ-வை விட ஆ, ஆ-வை விட இ, இ-யை விட அ என்று சுற்றி வருவது சாதாரணம். அப்படிச் சுற்றினால் அந்த மூன்றும் சமம் என்று விட்டுவிடுங்கள். முதல் மூன்றுக்கு மட்டும் எண் போட்டு மற்றதைக் கேட்ட வரிசையிலேயே வைப்பது நேர்மையானது. ஏழாவதற்கும் எட்டாவதற்கும் உள்ள வித்தியாசத்தை யாராலும் இரண்டு நாள் தொடர்ந்து ஒரே மாதிரிச் சொல்ல முடிவதில்லை.

இந்த முறை எட்டாத இடங்களும் இருக்கின்றன. பேருந்தில் ஓட்டுநர் போட்டது, டீக்கடையில் காதில் விழுந்தது, கல்யாண மண்டபத்து நாதஸ்வரம், நேரில் போன கச்சேரி, நூலகத்தில் நின்றபடியே படித்த சிறுகதை, இவற்றுக்கு எந்தக் கோப்பிலும் வரி கிடையாது. சிலருக்கு ஆண்டின் சிறந்த அனுபவமே இவற்றில்தான் இருக்கும். ஒரு தாளில் தனியாக எழுதி, கோப்பிலிருந்து வந்தவற்றோடு சம உரிமையில் சேருங்கள். எண்ணிக்கை இல்லை என்பதற்காகக் கீழே தள்ள வேண்டாம். அதேபோல, பிடித்திருந்தும் திரும்பத் தொட முடியாத சில புத்தகங்கள் இருக்கும், வலி காரணமாக. தேடிப் போனது என்ற அளவுகோல் அவற்றுக்கு அநியாயம் செய்யும். ஒன்றிரண்டை உங்கள் சொந்தப் பொறுப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு இவ்வளவு தோண்ட வேண்டாம். பாட்டுக்கு, கேட்டதைப் பதிவு செய்யும் லாஸ்ட் எஃப்எம் தளத்தின் கணக்கை ஸ்பாட்டிஃபையோடு இணைத்து வைத்தால் அது தானாகக் குறித்துக்கொள்ளும். அங்கே 30 விநாடிக்கு மேல் நீளமான பாட்டு, பாதியோ நான்கு நிமிடமோ எது முந்துகிறதோ அதுவரை ஓடினால்தான் கணக்கு, கொஞ்சம் கறாரான அளவு. மற்றதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: தேதி, பெயர், யார், எங்கே கிடைத்தது, ஏன் பிடித்தது என ஐந்து கட்டம். கடைசிக் கட்டத்தில் 'அருமை', 'மனதைத் தொட்டது' என்று எழுதினால் டிசம்பரில் அதற்குப் பயனில்லை. 'சாருகேசி ஆலாபனை, பத்து நிமிடம் வரை மேல் ஷட்ஜத்தைத் தொடவே இல்லை' என்று எழுதுங்கள். 'பக்கம் 112, அம்மா கதவைத் திறக்காத இடம்' என்று எழுதுங்கள். கச்சேரியில் என்றால் நுழைவுச் சீட்டின் பின்புறத்தில் ராகத்தின் பெயரும் மணியும் மட்டும் குறித்துக்கொண்டு, அன்று இரவே நோட்டில் ஏற்றிவிட வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் அந்த ராகத்தில் எது பிடித்தது என்பது அந்தச் சீட்டைப் பார்த்தாலும் விளங்காது.